தேரியில் வண்டி விடும் தம்பிகளுக்கு டீச்சரின் பதில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். ஆனால் முழுசாக வாசித்துவிட்டு கமெண்ட் போடுங்கள்.

போன வாரம் நான் போட்டது நாலே வரி. "தேரிக்காட்டில் பெரிய கார்களை ஏற்றி இறக்கி வீடியோ எடுப்பதை நிறுத்துங்கள் தம்பிகளே, அது விளையாட்டு மைதானம் இல்லை" என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களைப் படித்தபிறகு, நாலு வரியில் முடித்தது என் தப்பு என்று தெரிந்துகொண்டேன். வகுப்பில் பாதிப் பேர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால், குறை சொல்லிக்கொடுத்தவரிடம்தான். அதனால் இன்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வீடியோவில் அது இல்லை.

பொங்கல் விடுமுறையில் மூன்று வண்டிகள் தேரிக்குள் போயின. வந்தவர்களில் இரண்டு பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான், வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். காலை பதினொரு மணி வெயிலில் ஒரு மேட்டில் ஏறப்போய் ஒரு வண்டி புதைந்தது. அதை இழுக்கப்போன இரண்டாவது வண்டியும் புதைந்தது. பிறகு ஊருக்குள் ஆள் அனுப்பி டிராக்டர் கூப்பிட்டார்கள். டிராக்டர் கொண்டுபோனவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அவர்கள் ஒரு நைலான் கயிற்றை காரின் பம்பருக்குப் பின்னால் இருந்த ஒரு இரும்பில் கட்டிக் கொடுத்தார்கள். "அண்ணே, ஒரு வெட்டு வெட்டி இழுங்க" என்றார்கள். அவன் இழுத்தான். இரும்பு பிய்ந்து, கயிற்றோடு பறந்து வந்து அவன் இடது முன்கையில் அடித்தது. இரண்டு எலும்பும் முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. டிராக்டருக்கு மாதத் தவணை இருக்கிறது. அவன் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு.

அவன் கையில் இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலு நாள் கழித்து வீடியோ வந்தது. பாட்டு இருக்கிறது, ட்ரோன் இருக்கிறது, பறக்கும் செம்மண் இருக்கிறது. டிராக்டர் இல்லை, கை இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது அவன் சொன்னது: "விடுங்க டீச்சர், இன்னும் ஒரு சாண் மேல பட்டிருந்தா மண்டை போயிருக்கும்." இதற்குப் பிறகும் நான் நாலு வரி எழுதக்கூடாதா?

இனி உங்கள் கமெண்ட்டுகளுக்கு வருகிறேன்.

1. "டீச்சருக்கு ஜீப்பைப் பத்தி என்ன தெரியும்?"

நியாயமான கேள்விதான். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் இரண்டு குளிர்காலம் ஷார்ஜாவில் மகன் வீட்டில் இருந்தேன். அவனும் அவன் நண்பர்களும் வெள்ளிக்கிழமை அதிகாலையில் பாலைவனத்துக்குப் போவார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ளவென்று என்னையும் பின் இருக்கையில் உட்கார வைத்தார்கள். நாற்பது வருஷம் பிள்ளைகள் பாடம் கற்பதைப் பார்த்தவளுக்கு, ஒரு வேலையை முறையாகக் கற்றவன் யார், கற்காதவன் யார் என்று அடையாளம் தெரியும்.

அங்கே நான் முதலில் பார்த்தது வேகத்தை அல்ல. தார் ரோடு முடிகிற இடத்தில் எல்லா வண்டியும் நின்றது. எல்லாரும் இறங்கிக் குனிந்து டயரில் காற்றை இறக்கினார்கள். ரோட்டில் 32, 35 பி.எஸ்.ஐ. இருந்த காற்றை 15க்குக் கொண்டு வந்தார்கள். கால் மணி நேரம் ஒருத்தரும் அவசரப்படவில்லை. கூட்டத்தை நடத்திய கோழிக்கோட்டுக்காரர் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, முன்னால் யார், கடைசியில் யார், வாக்கி-டாக்கியில் எந்தச் சேனல், வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பாடம் எடுத்தார். புதிதாக வந்த ஒரு பையனை, "நீ இன்னும் நாலு தடவை சின்ன மேட்டில் ஓட்டு, பெரியது அப்புறம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் வைத்திருந்ததுதான் அங்கே இருந்ததிலேயே விலை கூடிய வண்டி.

உங்கள் வீடியோவில் ஒருத்தரும் டயர் பக்கம் குனியவே இல்லை தம்பிகளே.

2. "எங்க வண்டில பவர் இருக்கு டீச்சர்"

பவர்தான் உங்களைப் புதைத்தது.

குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொண்டு தேரி வழியாக ஒரு கல்யாண வீட்டுக்கு நடந்து பாருங்கள். பத்து அடியில் கணுக்கால் வரை இறங்கும். பக்கத்திலேயே பனையேறும் அண்ணாச்சி வெறுங்காலோடு சாதாரணமாக நடந்து போவார். எடை அதே எடைதான், அது பரவுகிற பரப்பு வேறு. ஒட்டகத்தின் பாதம் அகன்று விரிவதும் இதற்குத்தான். டயரில் காற்றைக் குறைத்தால், தரையைத் தொடும் இடம் முன்னும் பின்னுமாக நீள்கிறது. வண்டி மணலின் மேல் மிதந்து போகிறது. 35 பி.எஸ்.ஐ.யோடு உள்ளே விட்டால் டயர் கத்தி மாதிரி இறங்குகிறது. அப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் மண்வெட்டி வேலைதான் செய்யும். தனக்குக் கீழே தானே குழி வெட்டிக்கொண்டு போய், கடைசியில் வண்டியின் வயிறு மண்ணில் உட்காரும். வயிறு உட்கார்ந்த பிறகு நாலு சக்கரம் சுற்றினால் என்ன, நாற்பது சுற்றினால் என்ன?

ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ரால்ஃப் பாக்னால்ட் என்று பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு பொறியாளர். 1930ஐ ஒட்டிய வருஷங்களில், நண்பர்களோடு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். காரால் உள்ளே போகமுடியாது என்று மற்றவர்கள் நினைத்திருந்த மணல் கடல் அது. அவர் கொண்டுபோனது என்ன வண்டி தெரியுமா? ஃபோர்டு மாடல் ஏ கார். பின் சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும் வண்டி. ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. டயரில் காற்றைக் குறைத்தார். சிக்கிக்கொண்டால் சக்கரத்துக்கு அடியில் போட எஃகுத் தகடுகள் எடுத்துப் போனார். ராடியேட்டரில் கொதித்து ஆவியாகும் தண்ணீரை வீணாக்காமல் பிடித்துத் திரும்ப உள்ளே விட ஒரு ஏற்பாடு செய்தார். எந்த மணல் தாங்கும், எந்த மணல் தாங்காது என்று பார்த்துப் பார்த்துக் கற்றார். பிறகு காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்று சோதனை செய்து 1941ல் ஒரு நூலே எழுதினார். செவ்வாய்க் கிரகத்து மணல் மேடுகளை ஆராய்கிறவர்கள் வரைக்கும் அந்த நூலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இரண்டு சக்கரத்தை வைத்துக்கொண்டு அவர் போனார். நாலு சக்கரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் புதைந்தீர்கள். இடையில் இருந்த வித்தியாசம் படிப்பு.

இன்னொன்று. உங்கள் மூன்று வண்டியில் இரண்டு ஃபோர் வீல் டிரைவே இல்லையாம். உருவம்தான் ஜீப் மாதிரி, இழுப்பது முன் சக்கரம் இரண்டு மட்டும். ஒரே பெயரில், ஒரே உடம்போடு இரண்டு வகையும் விற்கிறார்கள். விளம்பரத்தில் காட்டுவது மலையும் மணலும். வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதில்லை. பேருந்து நிலையத்தில் நின்று எந்த ஊர்ப் பேருந்து என்று பலகையைப் படிக்கிற நாம், பதினைந்து லட்சம் கொடுக்கும்போது எந்தச் சக்கரம் இழுக்கும் என்று கேட்கவேண்டாமா?

3. "எங்களுக்கு ஓட்டத் தெரியும்"

சரி. விடைத்தாள் திருத்துகிறேன். உங்கள் வீடியோவை ஐந்து முறை பார்த்தேன். காற்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அதற்கு மதிப்பெண் இல்லை. மற்றதைப் பார்ப்போம்.

மேட்டின் சரிவில் குறுக்காக வளைத்தீர்கள். மணல் சரிவில் ஏறினால் நேராக ஏறவேண்டும், இறங்கினால் நேராக இறங்கவேண்டும். பாதியில் வேகம் செத்துவிட்டால் ரிவர்ஸ் கியர் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கவேண்டும். வளைத்துத் திருப்பினால் கீழ்ப்பக்கச் சக்கரம் புதைந்து வண்டி உருளும். அப்படியே பக்கவாட்டில் சரிய ஆரம்பித்துவிட்டால் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பவேண்டும். பயத்தில் கை மேட்டுப் பக்கம்தான் திருப்பும். அதற்காகத்தான் சின்ன மேட்டில் பழகச் சொல்கிறார்கள்.

உச்சியைத் தாண்டிப் பாய்ந்தீர்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாராவது ஏறிப் பார்த்தீர்களா? காற்று அடிக்கும் பக்கம் மேடு சாய்வாக, இறுகி இருக்கும். மறுபக்கம் மணல் கொட்டிக் கொட்டி, முப்பது பாகைக்கு மேல் செங்குத்தாக, பொலபொலவென்று இருக்கும். வளைகுடாவில் வண்டிக்கு நீளக் கம்பியில் கொடி கட்டுவது அழகுக்கு இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து ஏறிவருகிறவனுக்கு இந்த வண்டி தெரியவேண்டும் என்பதற்காக. நம் தேரியில் அந்தப் பக்கம் வண்டி வராது, சரி. ஆடு மேய்க்கிற பாட்டி வருவாள். விறகு பொறுக்க வந்த பிள்ளை வரும்.

மணலில் பிரேக்கை அழுத்தி நிறுத்தினீர்கள். சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து ஒரு சின்ன அணையே கட்டிக்கொள்ளும். பிறகு கிளம்பும்போது அந்த அணையை ஏறவேண்டும். நிறுத்தவேண்டுமானால் காலை எடுத்துவிட்டு, இறக்கத்தில் முகம் இருக்கும்படி வண்டியைத் தானாக நிற்கவிடவேண்டும்.

உச்சி வெயிலில் போனீர்கள். அந்த நேரத்தில் நிழல் இருக்காது, மேடும் பள்ளமும் ஒரே நிறமாகத் தெரியும். காலையில் குளிர்ந்த மணல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், நிழல் பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, வண்டி நகராமல் சக்கரம் மட்டும் சுற்றியபோது நீங்கள் நிறுத்தவில்லை. அங்கேதான் எல்லாம் போனது. அந்த நிமிஷமே நிறுத்தி, இறங்கி, சக்கரத்தைச் சுற்றியும் வயிற்றுக்கு அடியிலும் மண்ணை அள்ளிவிட்டு, காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து, வந்த தடத்தில் மெதுவாகப் பின்னால் எடுத்திருந்தால் டிராக்டரே தேவைப்பட்டிருக்காது. அரைமணி நேரம் கையால் மண் அள்ள யோசித்தீர்கள். அதற்கு இன்னொருத்தன் கை முறிந்தது.

4. "டிராக்டர்காரருக்குக் காசு கொடுத்தாச்சே"

இதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

கயிறு கட்டுவதற்கென்று வண்டியின் அடிச்சட்டத்தோடு முடுக்கிய கொக்கி உண்டு. பம்பரில் கட்டக்கூடாது, பம்பருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒரு இரும்பிலும் கட்டக்கூடாது. நைலான் கயிறு இழுபடும்போது ரப்பர் மாதிரி நீண்டு விசையைச் சேர்த்து வைக்கும். பிய்ந்தால் கவண் கல் மாதிரி வரும். இப்படிப் பறந்த இரும்பு பட்டு வெளிநாடுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் முறை தெரிந்தவர்கள் கயிற்றின் நடுவில் கனமான ஒரு சாக்கையோ பாயையோ போடுகிறார்கள். கயிறு அறுந்தால் அது கீழே அமுக்கும். சுற்றி நிற்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்துக்கு விரட்டுகிறார்கள். முதலில் மண்ணை அள்ளிவிட்டு, அப்புறம் நிதானமாக இழுக்கிறார்கள், வெட்டி இழுப்பதில்லை.

இது எதுவும் அந்த டிராக்டர் பையனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது உழவும், வண்டல் அடிப்பதும். உங்கள் விளையாட்டின் ஆபத்து உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவன் கூலிக்கு வந்தவன். தெரியாத ஆபத்தில் ஒருத்தனை நிற்கவைத்துவிட்டு, காசு கொடுத்தாச்சு என்று சொல்வது கணக்குத் தீர்ப்பது ஆகாது.

5. "வெறும் மண்ணுதானே டீச்சர், யாருக்கு நஷ்டம்?"

தேரி ஓரத்துப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தேன். ஆடி மாதம் வந்தால் காலையில் முதல் வேலை, வராந்தாவில் குவிந்த செம்மண்ணைப் பிள்ளைகளோடு சேர்ந்து பெருக்கித் தள்ளுவது. கரும்பலகையில் எழுதினால் எழுத்தின் மேல் மண் படியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தக் காற்றுக்கு எதிரே மண்ணைப் பிடித்து வைத்திருப்பது பனையும், உடைமரமும், கொல்லாமரமும், தரையோடு படர்ந்த கொடியும் புல்லும்தான். வண்டித் தடம் முதலில் கொல்வது அந்தக் கொடியையும் புல்லையும். மேலே கிடக்கும் பசுமையைக் கிழித்துவிட்டால், அடுத்த ஆடியில் அந்த மண் எழுந்து ரோட்டுக்கும் கிணற்றுக்கும் வயலுக்கும் வரும். உங்கள் வண்டி அப்போது வேறு ஊரில் நிற்கும்.

தேரியில் பெய்கிற மழை ஓடிப்போவதில்லை, உள்ளே இறங்குகிறது. கடல் இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் பக்கத்தில் நல்ல தண்ணீர்ச் சுனை இருக்கிறதென்றால் இந்த மண்தான் காரணம். கார்த்திகை மாதம் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுக்கு வருகிறவர்கள், இந்த மண்ணை ஒரு பிடி எடுத்து முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். "வெறும் மண்" என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நம்பிக்கை வேண்டாம், சட்டம் சொல்லுங்கள் என்பீர்கள். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். "அடுத்தது பீச்" என்று அறிவித்திருக்கிறீர்களே, அதற்கும் சொல்கிறேன். கடற்கரை மணல் மேடுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகைப் பாதுகாப்பில் வருகின்றன. தை, மாசி, பங்குனியில்தான் பங்குனி ஆமை கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டை வரை புதைத்துவிட்டுப் போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் டயர் தடம் ஒரு சாண் ஆழம். பொரித்த குஞ்சுக்கு அது ஒரு வாய்க்கால். விழுந்தால் ஏறமுடியாது, விடிவதற்குள் காக்காய்க்கும் நாய்க்கும் இரையாகும்.

6. "துபாய்ல எல்லாம் ஓட்டுறாங்களே?"

ஓட்டுகிறார்கள். எங்கே ஓட்டலாம் என்ற இடத்தில் ஓட்டுகிறார்கள். அதே துபாயில் 225 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பாலைவனத்தைப் பாதுகாப்பகமாக ஒதுக்கி, ஓரிக்ஸ் மான்களை விட்டு வளர்க்கிறார்கள். அதற்குள் தனியார் வண்டி இஷ்டத்துக்குத் திரியமுடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல் இருக்கிற நாட்டுக்காரன் அதில் ஒரு பகுதியைத் தொடாதே என்று வைத்திருக்கிறான். நமக்கு இருப்பதோ ஒரு கைப்பிடித் தேரி. இதுபோன்ற செம்மணல் மேடு தமிழ்நாட்டில் நம் தென்கோடியை விட்டால் வேறு எங்கே இருக்கிறது?

அங்கிருந்து நீங்கள் கொண்டுவந்தது வண்டியை, பாட்டை, கண்ணாடியை. காற்றிறக்கும் பொறுமையை, கூட்டமாகப் போகும் ஒழுங்கை, புதியவனை நிறுத்திவைக்கும் கண்டிப்பை, வேலிக்கு வெளியே நிற்கும் அடக்கத்தைக் கொண்டுவரவில்லை. பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்திருக்கிறீர்கள்.

வண்டி ஓட்டும் ஆசையே தப்பு என்று நான் சொல்லவில்லை. மணலில் நன்றாக ஓட்டுகிறவனைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு வித்தை, எனக்கும் பிடித்திருந்தது. பட்டா நிலத்தில் உரிமையாளரைக் கேட்டு, கற்றுக்கொடுக்க ஆள் வைத்து, முறையாகப் பழகுங்கள். அனுமதி பெற்ற பயிற்சி இடம் ஒன்று வேண்டும் என்று அரசிடம் கேளுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் தேரியை விட்டுவிடுங்கள், ஆமைக் கரையை விட்டுவிடுங்கள்.

அந்த மூன்று வண்டித் தம்பிகளிடம் எனக்கு இரண்டு கோரிக்கை இருக்கிறது. பெயர் போடமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஒன்று, அவனுடைய ஆஸ்பத்திரிச் செலவும், மூன்று மாத டிராக்டர் தவணையும், மூன்று மாதக் கூலியும் உங்கள் கடன். மூன்று பேராகப் பங்கு போட்டால் ஒரு டயர் செட் விலைகூட ஆகாது. அவன் வாய் திறந்து கேட்கமாட்டான். அதனால் நான் கேட்கிறேன்.

இரண்டு, வெட்டி எடுத்த பகுதியையும் சேர்த்து வீடியோவைத் திரும்பப் போடுங்கள். சக்கரம் சுற்றியது, புதைந்தது, கயிறு கட்டியது, இரும்பு பறந்தது எல்லாம் அதில் வரட்டும். அதைப் பார்க்கிற ஆயிரம் பையன்களில் பத்துப் பேராவது டயர் பக்கம் குனிவார்கள்.

தப்பாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டுத் திரும்பப் போட்ட பிள்ளைக்கு நான் என்றைக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை. வாருங்கள், சேர்ந்தே போய் அவனைப் பார்த்துவிட்டு வருவோம். வீடு எனக்குத் தெரியும்.